8 கிலோ 200 கிராம்

போன மாதம் குட்டிக்குச் சளி. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. டெல்லியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கிருந்த சிஸ்டர் எடை பார்த்தார். 8 கிலோ 200 கிராம். எத்தனை மாசம் என்று ஹிந்தியில் கேட்டார். தங்கமணி "இருபது" என்றாள். சிஸ்டர் சுவரில் மாட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சீட்டில் எடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். "எடை ரொம்பக் குறைவு. வீட்டில் ஒழுங்காகச் சாப்பாடு கொடுக்கிறீர்களா இல்லையா?"

ஆட்டோவில் திரும்பி வரும்போது தங்கமணி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து அம்மா போன். வீடியோவில் பேத்தியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, பிள்ளை இன்னும் பஞ்சு கணக்கா இருக்கு? நீயெல்லாம் இந்த வயசுல கொழுகொழுன்னு இருப்ப. இடுப்புல தூக்க முடியாது" என்றார். ஒரே நாளில் ரெண்டு ஆடிட் அப்ஜெக்‌ஷன் :-)

அன்றைக்கு ராத்திரி குட்டி தூங்கினபிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படித்தது பி.காம்., வேலை பேங்கில். வேறென்ன தெரியும்? உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 20 மாதப் பெண் குழந்தைக்குக் கீழ்க்கோடு 8.4 கிலோ. அதற்குக் கீழே போனால் எடை குறைவு. குட்டி 8.2. சிஸ்டர் சொன்னது சரி.

ஆனால் குட்டி 31-வது வாரத்தில் பிறந்தவள். 40 வாரத்துக்கு 9 வாரம் முன்னால். அந்த ரெண்டு மாதத்தைக் கழித்தால் அவளுக்கு வயது 18 மாதம்தான். 18 மாதத்துக்குக் கீழ்க்கோடு 8.1 கிலோ. இப்போது 100 கிராம் மேலே இருக்கிறாள்! அதே குழந்தை, அதே தராசு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் சிவப்பு வட்டம் வருவதும் போவதும்.

எங்கள் தொழிலில் இதற்கு வேல்யூ டேட் என்று பெயர். வவுச்சர் போட்ட தேதி ஒன்று, பணம் கணக்குக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளும் தேதி இன்னொன்று. வட்டி ரெண்டாவது தேதியிலிருந்துதான். குழந்தை டாக்டர்கள் இதைத் திருத்திய வயது என்கிறார்கள். 1940களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்னால்டு கெசல் இதை வலியுறுத்தியவர். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதே, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணு என்றார். இன்றைக்கும் பொதுவாக 2 வயது வரை அப்படித்தான் எண்ணச் சொல்கிறார்கள். (தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. அதில் குழம்பிவிடாதீர்கள்.)

அந்த ராத்திரியில் இன்னொரு கேள்வியும் வந்தது. தேதி சரி, அந்தக் கோட்டை யார் போட்டார்கள்? யாருடைய குழந்தையை வைத்துப் போட்டார்கள்? அப்புறம் ஒரு மாதம், கிடைத்த நேரத்திலெல்லாம் படித்ததுதான் இந்தப் பதிவு.

ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்ப அளந்து எழுதி வைத்த முதல் ஆள் என்று சொல்லப்படுபவர் பிரெஞ்சுக்காரர், மோன்பெய்யார் பிரபு. 1759-ல் பிறந்த தன் மகனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நிற்க வைத்து உயரம் எடுத்தார். 1777 வரை, 18 வருஷம். நண்பர் புஃபோன் அதைத் தன் இயற்கை வரலாற்று நூலில் சேர்த்து அச்சிட்டார். அதாவது உலகத்தின் முதல் வளர்ச்சிக் கணக்கே ஒரு அப்பா போட்டதுதான். எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் எங்கள் குட்டி மாதிரி குழந்தைகள் அந்தக் காலத்தில் அளக்கிற அளவுக்கு இருந்ததே இல்லை. பிறந்து சில நாளில் போய்விடும், அவ்வளவுதான். அந்தக் கதை மாறியதும் பாரீஸில்தான், நூறு வருஷம் கழித்து. ஸ்டெஃபான் தார்னியே என்ற பிரசவ டாக்டர் 1878-ல் அங்கே மிருகக்காட்சிச் சாலைக்குப் போனார். கோழி முட்டைகளைச் சூடாக வைத்துப் பொரிக்கிற பெட்டியைப் பார்த்தார். அதைச் செய்த மார்த்தன் என்பவரிடமே குழந்தைக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்டார். ரெட்டைச் சுவர் வைத்த மரப்பெட்டி, அடியில் வெந்நீர்த் தொட்டி, ஒரே பெட்டியில் பல குழந்தைகள். 1881-லிருந்து பாரீஸ் மெட்டர்னிட்டி மருத்துவமனையில் பயன்பட்டது. 2 கிலோவுக்குக் குறைந்து பிறந்தவர்களில் முன்பு நூற்றுக்கு 66 பேர் இறந்தார்கள். பெட்டி வந்தபிறகு 38. இன்றைய இன்குபேட்டர், வார்மர் எல்லாவற்றுக்கும் கோழிப்பெட்டிதான் பாட்டி.

தார்னியேயின் சீடர் பியேர் புதான். எனக்கு குருவை விட இந்த சீடரைத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. ஏன் என்றால், அவர் கவனித்தது பெட்டிக்கு வெளியே நடந்ததை. பெட்டியில் பிழைத்த குழந்தை வீட்டுக்குப் போய் இறந்துபோகிறது. ஏழை அம்மாக்கள், சரியான பால் இல்லை, வயிற்றுப்போக்கு. காப்பாற்றி அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை என்று புரிந்துகொண்டு, 1892-ல் ஷாரித்தே மருத்துவமனையில் ஒரு ஏற்பாடு செய்தார். அங்கே பிரசவமான அம்மாக்கள் வாராவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எடை போட வேண்டும். பால் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். தாய்ப்பால்தான் முதல், முடியாதவர்களுக்குக் கிருமி நீக்கிய பால். நாம் இன்றைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருகிற குழந்தை எடை கிளினிக் அங்கேதான் ஆரம்பம். குறைமாதக் குழந்தைக்குச் சூடு, பால், தொற்று இந்த மூன்றையும் பார் என்று அவர் 1900-ல் புத்தகமே எழுதினார். எங்களை டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் சொன்னதும் இதே மூன்றுதான்.

நடுவில் ஒரு விசித்திர ஆள், மார்ட்டின் கூனி. இன்குபேட்டரில் குழந்தைகளை வைத்துக் கண்காட்சி நடத்தினார். நியூயார்க் கோனி தீவில் ராட்டினத்துக்கும் பலகாரக் கடைக்கும் நடுவில் 1903-லிருந்து 1943 வரை. டிக்கெட் 25 சென்ட். அந்தப் பணத்தில் நர்ஸ்களுக்குச் சம்பளம், பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. அவர் உண்மையிலேயே டாக்டருக்குப் படித்தாரா என்பதற்கே சரியான ஆதாரம் கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள். 1907-ல் அவருடைய மகளே குறைமாதத்தில் பிறந்தாள், அவளும் பிழைத்தாள். இதைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. நாங்களும் 34 நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று 1280 கிராமைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

அந்த 34 நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை கங்காரு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டரிடம் போதுமான இன்குபேட்டர் இல்லை, இருந்ததில் ரெண்டு மூன்று குழந்தைகளைப் போட்டுத் தொற்று வேறு. குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஏழை நாட்டுச் சமாளிப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று 5 நாடுகளில் நடந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே நெஞ்சில் போட்டார்கள். முதல் 28 நாள் இறப்பு கால்வாசி குறைந்தது. தங்கமணிக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் ஜனவரிக் குளிரில் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் ஒரு அணில் படுத்திருந்த மாதிரி இருந்தது. சரி, கோட்டுக்கு வருவோம்.

2500 கிராம் என்று ஒரு எண் உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். ரெண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு. இதை 1919 வாக்கில் நிலைநாட்டியவர் ஆர்வோ யுல்ப்போ, பின்லாந்துக்காரர், அப்போது பெர்லினில் இருந்தார். (அவரே குறைமாதத்தில் பிறந்தவர் என்று சொல்வார்கள். 104 வயது வரை இருந்தார்!) 1948-ல் உலக சுகாதார நிறுவனம் இதையே எடுத்துக்கொண்டு, 2500-க்குக் கீழே என்றால் குறைமாதம் என்று சொல்லிவிட்டது. வந்தது வம்பு. நம்மைப் போன்ற நாடுகளில் முழு மாதமும் இருந்து பிறக்கிற குழந்தைகளிலேயே ஏராளமானவர்கள் 2500-க்குக் கீழே. இவர்கள் எல்லாரும் குறைமாதமா? 1961-ல்தான் எடை குறைவு வேறு, மாதக் குறைவு வேறு என்று பிரித்தார்கள். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில்கூட எடை தெரிந்த குழந்தைகளில் 18 சதவீதம் 2500-க்குக் கீழேதான்.

பிறந்தபிறகு எவ்வளவு வளர வேண்டும் என்ற கோடு இன்னும் சுவாரஸ்யம். நம்ம ஊர்க் குழந்தைகளை ரொம்ப வருஷம் அளந்தது ஹார்வர்டு அளவை வைத்து. அது 1930களிலிருந்து பாஸ்டன் நகரத்தில் அளக்கப்பட்ட வெள்ளைக்காரக் குழந்தைகளின் கணக்கு. 1972-ல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் போதும் என்று வைத்து, அதற்குக் கீழே நாலு கிரேடு பிரித்தது. அப்புறம் 1977-ல் அமெரிக்க அரசின் புதிய சார்ட் வந்தது. மறு வருஷமே உலக சுகாதார நிறுவனம் அதை உலகம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. அதில் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் யார் என்று பார்த்தால், ஒஹையோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரின் நடுத்தர வர்க்கக் குழந்தைகள். பெரும்பாலும் புட்டிப்பால் குடித்தவர்கள். புட்டிப்பால் குழந்தை வேறு வேகத்தில் எடை போடும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையை அந்தச் சார்ட்டில் வைத்தால் சில மாதத்திலேயே இறங்குகிற மாதிரி தெரியும். உடனே "பால் பத்தலை, டப்பா வாங்கு" என்பார்கள். எத்தனை வீட்டில் இந்த ஒரு கோட்டுக்காக டப்பா வாங்கினார்களோ.

கடைசியில் அந்தத் தப்பை ஒத்துக்கொண்டு 1997-லிருந்து 2003 வரை 6 நாடுகளில் புதிதாக அளந்தார்கள். பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் நம்ம தெற்கு டெல்லி. கிட்டத்தட்ட 8500 குழந்தைகள். வசதியான குடும்பங்கள், சிகரெட் பிடிக்காத அம்மாக்கள், சிறு வயதில் தாய்ப்பால். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குழந்தை எப்படி வளரும் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி எடுத்தார்கள். டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் வளர்ந்தார்கள். "நம்ம ஆளுங்க உடம்புவாகே அப்படித்தான்" என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு நல்ல அடி. 2006-ல் சார்ட் வெளியானது, 2009-லிருந்து நம் அங்கன்வாடிகளிலும் அதுதான். அந்தக் கிளினிக் சுவரில் தொங்கினதும் அதுதான்.

இதில் ஒரு வரி என்னைத் தூக்கிப் போட்டது. பிறந்ததிலிருந்து தொடர்ந்து அளக்க எடுத்துக்கொண்ட குழந்தைகளில் 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களைச் சேர்க்கவில்லை. 31 வாரத்துக் குழந்தை யாரும் அங்கே இல்லை. எங்கள் குட்டியை அளக்கிற கோடு, அவள் மாதிரி குழந்தைகளைக் கதவிலேயே நிறுத்திவிட்டுப் போட்ட கோடு!

காரணம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிக் கோடு பிறகுதான் வந்தது. 8 ஊர்களில் நடந்த இன்டர்குரோத் ஆய்வில் இந்தியாவிலிருந்து நாக்பூர் இருந்தது. ஆரோக்கியமாக இருந்த அம்மாக்களுக்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை மட்டும் தொடர்ந்து அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். எத்தனை குழந்தை தெரியுமா? 201. அந்தக் கோடும் திருத்திய வயது 6 மாதத்தோடு முடிந்துவிடும். அதற்குப்பிறகு திருத்திய வயதை வைத்துக்கொண்டு பொதுக் கோட்டில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆக அந்த 2 மாதத்தைக் கழிக்க மறந்த சிஸ்டரின் சிவப்பு வட்டத்துக்கு, வரலாற்றில் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கோட்டைப் பார்க்கிற விதத்தையே மாற்றினவர் டேவிட் மார்லி என்ற இங்கிலாந்து டாக்டர். 1950களில் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் வேலை பார்த்தவர். படிக்காத அம்மாவுக்கும் புரிகிற மாதிரி ஒரு அட்டை செய்து, அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைவிட, போன மாதத்திலிருந்து இந்த மாதத்துக்குக் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார் என்றார். லோன் கணக்கிலும் இதே கதைதான். பாக்கி எவ்வளவு என்பதைவிட மூன்று மாதமாகத் தவணை வருகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்த யோசனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? நம்ம தமிழ்நாடு. 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மதுரை மாவட்டத்தில் தொடங்கி 6 மாவட்டங்களுக்குப் போனது. 6 மாதத்திலிருந்து 3 வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். ஏறாமல் நின்ற குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை. எடை ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். 1982-ல் வந்த எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இது யாருக்கும் நினைவில்லை.

எனக்குச் சொந்த ஊர் மேலூர் பக்கம். பிறந்தது 1980. படித்துக்கொண்டிருந்தபோதே சந்தேகம் தட்டியது. அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நெய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு வட்டம் விழுந்த மறுநாளே எங்கள் வீட்டில் நெய் சீசன் ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டு மாமி பாதாம் பவுடர், அம்மா கூரியரில் நேந்திரங்காய் மாவு, ஆபீஸில் ஒரு சர்தார்ஜி மக்கன். குட்டி வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். ஒரு சாப்பாட்டுக்கு ஒண்ணேகால் மணி நேரம், வீடு முழுக்கப் பருப்புசாதம். வழக்கமான டாக்டர் திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் திருத்திய வயதில் புள்ளி வைத்தார். அவள் சொந்தக் கோட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறாள் என்று காட்டினார். இப்போது சத்தாகக் கொடுங்கள், திணிக்காதீர்கள், ரெண்டு வயதுக்குமேல் குண்டாக்கப் பார்க்காதீர்கள் என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னாலும் டெல்லிக் கதை ஒன்று இருக்கிறது. தெற்கு டெல்லியில் 12 சதுர கிலோமீட்டருக்குள் 1969-லிருந்து 1972-க்குள் பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய் அளந்து எழுதி வைத்தார்கள். பெரியவர்களானபிறகு அவர்களில் 1492 பேரைத் தேடிப்பிடித்து ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். 2004-ல் வெளிவந்தது. சர்க்கரை எட்டிப்பார்த்தவர்கள் 2 வயது வரை ஒல்லியாக இருந்து, பிற்பாடு மற்றவர்களைவிட வேகமாகச் சதை போட்டவர்கள். அவர்களில் ஒருவரும் 12 வயதில் குண்டு என்று சொல்லும்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. அந்தக் குழந்தைகளின் அம்மாக்களும் யாராவது சொன்னதைக் கேட்டு நெய் ஊற்றியிருப்பார்களோ என்னவோ.

இப்போது போன். "அம்மா, நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது நம்மூர்ல எடை போட்டாங்களா?"

"போடாம? எடை போடுற டீச்சரம்மா வரும்ல. சாவடியில தராசைத் தொங்கவிட்டு, கால்சட்டை மாதிரி ஒண்ணுல உன்னைப் போட்டு மாட்டும். நீ ஊரே கேக்குற மாதிரி அழுவ."

"உருண்டை குடுத்தாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "குடுத்தாங்க. உனக்கு ஒண்ணரை வயசு இருக்கும். நாலு மாசமா எடை ஏறலைன்னு சொல்லி எழுதிக்கிருச்சு. தினம் நாந்தான் தூக்கிக்கிட்டுப் போவேன். வெல்ல வாசனை அடிக்கும். நீ பாதி திம்ப, மீதியை உங்க அக்கா தின்னுரும்."

"கொழுகொழுன்னு இருந்தேன்னு சொன்னியே?"

"அது அதுக்கப்புறம்டா."

பக்கத்தில் தங்கமணி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு வட்டத்துக்குப்பிறகு அன்றைக்குத்தான் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். குட்டிக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அவளும் சிரித்தாள். அடுத்த எடை வருகிற 14-ஆம் தேதி.